டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு பொய் ஏரியல்

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாளில், இங்கிருந்து பேசும் அமெச்சூர் வானொலி நிலையத்தின் அழைப்புக் குறி 'எப்.என்.8' என்று தொடங்கும். எல்லைக்கு அப்பால் இந்தியாவில் இருப்பவருக்கோ 'வி.யூ.' என்ற குறி. எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று கணக்குச் சேர்ப்பது இத்துறையில் பெரிய போட்டி. அமெரிக்க ரேடியோ ரிலே லீக் வகுத்துள்ள பட்டியலில் பிரெஞ்சு இந்தியா ஒரு தனி நாடு! 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பட்டியலில் அப்பெயர் நீக்கப்பட்டது. அக்டோபர் 31 வரை பேசியவை மட்டுமே கணக்கில் சேரும்.

இத்தகைய அரிய நிலையம் வானலையில் கேட்டதும் என்ன நடக்கும்? பலர் தம் டிரான்ஸ்மிட்டரை அதே அதிர்வெண்ணில் வைத்துத் திருகிச் சரிசெய்யத் தொடங்குவர். அப்போது பேச்சில்லாத வெறும் அலை வெளிப்படும். கேட்பவர் காதில் அது நீண்ட விசில். மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். போட்டியில் இது எரிச்சலோடு போகும். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தம் அமெச்சூர் நிலையத்தின் வழியே தீவுச் செய்திகளை வெளியே அனுப்பினார். அத்தகைய வேளையில் யாரோ ஒருவர் பத்து வினாடி விசிலடித்தால், ஒரு பெயரோ ஊரோ காணாமற்போகும் அல்லவா?

ஏரியலைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாமே என்றால், அதுவும் ஆகாது. திறன் வெளியேற வழியின்றி வால்வோ டிரான்சிஸ்டரோ கெட்டுவிடும். ஆகவே ஏரியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்தடையை வைத்து, அலையாகப் போக வேண்டியதை வெப்பமாக்கிவிடுகிறோம். இதுவே 'டம்மி லோட்'. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டனில் 'செயற்கை ஏரியல் உரிமம்' என்றே ஒன்று இருந்தது. அதைப் பெற்றவர் டிரான்ஸ்மிட்டர் செய்யலாம், இயக்கலாம். அலை மட்டும் வெளியே போகக் கூடாது. நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்தில் எளிதாகக் கிடைத்த டம்மி லோட், வீட்டு மின்விளக்கு. பல்பு பிரகாசமாக எரிந்தால் திறன் நன்றாக வருகிறது என்று பொருள். கண்ணாலேயே அளக்கலாம்! குறையும் உண்டு. 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைத்து ஆறவிட்டு மீட்டரில் அளந்தால் 40 ஓம் அளவே காட்டும். வகுப்பில் இதைச் செய்து காட்டினால் மாணவர்கள் மீட்டரைத்தான் சந்தேகிப்பார்கள்! டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடை கூடுகிறது. இப்படி மாறும் ஒன்றை வைத்து எதைச் சரிசெய்வது? மேலும், பல்பும் அதன் கம்பிகளும் சிறிது அலையை வெளியே விடவும் செய்யும்.

போருக்குப் பின் இராணுவத்தின் உபரிப் பொருளாக 50 ஓம் அளவிலான கோ-ஆக்சியல் கேபிள் மலிவாகக் கிடைத்தது. டம்மி லோடும் 50 ஓம் ஆயிற்று. ஹீட்டர் கம்பியில் 50 ஓம் வெட்டி எடுத்தால் போதாதா? போதாது. கம்பி சுருளாக இருப்பதால் அதற்குத் தூண்டல் உண்டு. ஒரு மைக்ரோஹென்றி இருந்தாலே, 14 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 88 ஓம். நாம் வைத்த தடையையே அது மிஞ்சிவிடும்.

1960-களில் அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 'கேன்டென்னா' என்ற டம்மி லோடை விற்றது. ஒரு காலன் தகர டப்பா, அதற்குள் எண்ணெயில் மூழ்கிய 50 ஓம் தடை. சிறிது நேரத்திற்கு ஒரு கிலோவாட் தாங்கும். இதைப் பார்த்துச் செய்ய விரும்புவோர், பழைய டிரான்ஸ்பார்மரில் வடித்த எண்ணெயைத் தொட வேண்டாம். அதில் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கக்கூடும்.

சிறிய நிலையத்துக்கு எண்ணெயே வேண்டாம். 1000 ஓம், 2 வாட் கார்பன் தடைகள் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம்; 40 வாட் தாங்கும். கார்பன் தடை கிடைக்காவிட்டால் மெட்டல் ஆக்சைடு தடையும் ஆகும். அதில் சிறிது தூண்டல் உண்டெனினும், இருபதும் பக்க இணைப்பில் சேரும்போது அதுவும் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. இணைப்புக் கம்பிகளைக் குட்டையாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும்.