அடுப்படி வேலையும் ஆண் பெண் பங்கும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழர் வரலாறு

சமையல், தண்ணீர், விறகு, துணி, குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய அன்றாட வேலைகளில் எது ஆணுக்கு, எது பெண்ணுக்கு என்று ஒரு சமூகம் வகுத்து வைத்திருக்கும் முறையே வீட்டுவேலைப் பங்கீடு. இது இயற்கையாக அமைந்ததன்று. கூலி, சாதி, கருவி, சட்டம் ஆகியவற்றால் காலந்தோறும் மாறி வந்தது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ் பேசும் எல்லைப்பகுதிகள் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. பேர்பெற்ற ஆண் சமையற்காரர்களை வளர்த்ததும், வீட்டுவேலையும் தோட்ட வேலையுமாக இரட்டைச் சுமை சுமந்த பெண்கள் போராட்டக் களத்தில் இறங்கியதும் இப்பகுதிகளிலேதான்.

இடமும் மக்களும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், கேரளத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சோதனைச்சாவடி ஊர் கோபாலபுரம். இது சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. தென்னந்தோப்புக்கும் கள் இறக்குதலுக்கும் பேர்போன இவ்வட்டத்தின் கிழக்கு ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். சித்தூர் முன்பு கொச்சி அரசுக்கும், பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்துக்கும், இடுக்கியின் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கும் உட்பட்டிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவை கேரள மாநிலத்தில் ஒன்றாயின. நிலமும் நிர்வாகமும் கேரளத்துடையவை. அடுப்படிப் பழக்கங்கள் பெரும்பாலும் கொங்கு நாட்டோடும் மதுரைச் சீமையோடும் உறவுடையவை.

பழைய நூல்கள் காட்டும் நிலை

குறுந்தொகையின் 167ஆம் பாடல் புதுமணப் பெண்ணொருத்தியின் சமையலைக் காட்டுகிறது. கூடலூர் கிழார் பாடியது. தயிரைப் பிசைந்த விரல்களை உடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பை அவளே சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. உழைப்பு அவளுடையது, அதற்குக் கிடைக்கும் பலன் அவனுடைய ஒரு சொல். வீட்டுச் சமையலின் நீண்ட வரலாறு இந்தச் சிறு காட்சியில் அடங்கியிருக்கிறது.

அரண்மனைச் சமையலோ வேறுவிதமாகப் பேசப்பட்டது. பீமன் வகுத்த மடைநூலின் நெறி பிறழாமல் சமைத்த உணவைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. நளபாகம், பீமபாகம் என்ற வழக்குகள் இன்றும் உயர்ந்த சமையலைக் குறிக்கின்றன. இரண்டும் ஆண்களின் பெயரால் அமைந்தவை. வீட்டில் சமைப்பது கடமை என்றும், வெளியில் சமைப்பது கலை என்றும் அப்போதே தடம் பிரிந்துவிட்டது.

தேகண்டம்: ஆண்களின் சமையல்

தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பிராமணர்களின் அக்கிரகாரங்கள் பாலக்காட்டில் பல உண்டு. கல்பாத்தி அவற்றுள் பேர்பெற்றது. இங்கு விருந்துச் சமையலுக்குத் தேகண்டம் என்றும், அதைச் செய்பவருக்குத் தேகண்டக்காரர் என்றும் பெயர். மலையாளிகளும் இதே சொல்லைச் சற்றுத் திரித்து வழங்குகிறார்கள்.

கல்யாண வீட்டின் கொல்லையில் கோட்டையடுப்பு வெட்டி, உருளியும் வார்ப்பும் ஏற்றி, ஆளுயரச் சட்டுவத்தால் பாயசம் கிளறுவது ஆண்களின் வேலை. காளன், ஓலன், எரிசேரி, பாலடைப் பிரதமன் என்று நீளும் இலைக்கு உப்பும் புளியும் கண்ணளவிலேயே விழும். தலைமைச் சமையற்காரருக்குக் கூலியும் உண்டு, வேட்டியும் தட்சிணையும் உண்டு, ஊர் ஊராகப் பேரும் உண்டு. கேரளப் பள்ளிக் கலைத்திருவிழாவின் சமையற்கூடத்தைப் பல ஆண்டுகள் நடத்திப் புகழ்பெற்ற பழயிடம் மோகனன் நம்பூதிரியும் ஆண்களின் விருந்துச் சமையல் மரபில் வந்தவரே. கோயில் மடைப்பள்ளியும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தது.

அதே தெருவில், அன்றாடச் சமையல் பெண்ணின் தலையில் இருந்தது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் அவள் அடுப்படிக்கு வரக்கூடாது. வீட்டில் வேறு பெண் இல்லாவிட்டால் அந்த நாட்களில் ஆணே உலை வைத்தான். ஆணுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கூலியோ கட்டாயமோ இருந்தபோது சமைத்தவன், இரண்டும் இல்லாதபோது விலகி நின்றான்.

அடுக்களையிலிருந்து வெளியே

அடுக்களை என்ற சொல்லையே போராட்டச் சொல்லாக்கியவர் நம்பூதிரிச் சீர்திருத்தவாதி வி. டி. பட்டதிரிப்பாடு. ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ என்ற அவருடைய மலையாள நாடகம் 1929இல் அரங்கேறியது. வீட்டுக்குள் அடைபட்டு ‘அந்தர்ஜனம்’ என்று அழைக்கப்பட்ட நம்பூதிரிப் பெண்களின் விடுதலையே அதன் பொருள். ஆயினும் மேடையில் பெண் வேடமிட்டவர்கள் ஆண்களே. 1948இல் நம்பூதிரிப் பெண்கள் தாங்களே எழுதித் தாங்களே நடித்த ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்ற நாடகம் வந்தது. வீட்டைவிட்டு வெளியேறிச் சொந்த உழைப்பில் வாழும் பெண்ணை அது முன்வைத்தது.

தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. வாய்மொழியாகவே வந்த பெண்களின் சமையலறிவு ஒரு பெண்ணின் பெயரோடு அச்சேறிப் பரவலாக நிலைத்தது இந்நூலால். பின்னர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற சிறுகதை, அடுப்படியில் கழியும் வாழ்நாளைக் கேள்விக்குள்ளாக்கித் தமிழ் வாசகர்களை உலுக்கியது.

கொழுந்துக்காடும் லயமும்

இடுக்கியின் மூணாறு மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, ஆள்சேர்ப்பவர்களான கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கொழுந்து பறிப்பது பெண்ணுக்கு. கவ்வாத்து வெட்டுவதும் தொழிற்சாலை வேலையும் ஆணுக்கு என்று தோட்டத்துக்குள்ளும் வேலை பிரிந்தது. ஆணும் பெண்ணும் கூலியாட்கள் என்பதில் வேறுபாடில்லை. ஆனால் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் வீட்டு அடுப்பு பெண்ணுடையதாகவே இருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுக் காட்டுக்குப் போவாள். மாலையில் முதுகிலிருந்து கூடை இறங்கிய கையோடு விறகு தேடி எடுத்து வருவாள்.

50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பெண்ணின் வீட்டுவேலையில் ஒரு பங்கை முதலாளி ஏற்க வேண்டும் என்று சட்டம் சொன்னது இங்கே பெரிய மாற்றம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அப்போது நாட்கூலி 232 ரூபாய். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களின் தலைவர்களை விலக்கி வைத்து, ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் பெண்களே பேச்சு நடத்தினார்கள். லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்னின்றனர். போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. தாய்மார் சாலையில் அமர்ந்திருந்த அந்த நாட்களில் வீட்டு அடுப்பை யார் பார்ப்பது என்பது ஒவ்வொரு லயத்திலும் எழுந்த கேள்வி.

குடம் சுமந்தவர்கள்

தண்ணீர் கொண்டுவருவது கிராமப் பெண்ணின் எழுதப்படாத கடமை. அதனால் கிணறு கெட்டால் முதலில் உணர்பவளும் அவளே. கோபாலபுரத்துக்கு அருகிலுள்ள பிளாச்சிமடையில் 2000இல் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியபின், சுற்றுப்புறக் கிணற்றுநீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போயிற்று. பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடந்தார்கள். ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் தொடங்கிய மறியலின் முகமாக விளங்கியவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. ஆலை 2004இல் மூடப்பட்டது. மயிலம்மா 2007இல் காலமானார். அடுப்படியில் கிடைத்த அறிவு அரசியலாக மாறியதற்கு இவரே சான்று.

ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

ஆட்டுக்கல் முன் அமர்ந்து மாவாட்டுவது உடம்பை முறிக்கும் வேலை. ஒரு கை குழவியைச் சுற்றும். மறு கை குழவி வரும் வழியிலேயே மாவைத் தள்ளிவிடும். கவனம் பிசகினால் விரல் நசுங்கும். அரிசி ஓர் ஈடு, உளுந்து ஓர் ஈடு. உளுந்து பொங்கி வரும்வரை எழுந்திருக்க முடியாது. இந்தச் சுமையை இறக்கிய கருவி பக்கத்துக் கோயம்புத்தூரில் பிறந்தது. 1955இல் பி. சபாபதி அங்கே மின்சார மாவாட்டும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2011 முதல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வந்தன. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் பெண்ணின் பெயரிலேயே எரிவாயு இணைப்புத் தந்தது.

கருவிகள் உடல் நோவைக் குறைத்தன, பொறுப்பைப் பகிரவில்லை. சுவிட்சைப் போட யாராலும் முடியும். இன்றைக்கு அரிசி ஊறப்போட வேண்டும், சிலிண்டர் தீரப்போகிறது என்று நினைவில் வைத்திருப்பது பெண்ணின் தலையிலேயே நின்றது.

அரசும் நீதிமன்றமும்

தமிழ்நாட்டில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பெண்களின் சமையலுக்குக் கூலி தந்தன. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பெண்களின் உணவகங்களை ஊர்தோறும் எழுப்பியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விருந்து சமைக்கும் ஆணுக்குக் கிடைக்கும் வருமானமும் பட்டமும், பள்ளியில் நாள்தோறும் சமைக்கும் பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வீட்டுவேலையையே முதன்மைத் தொழிலாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி என்றும், ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு என்றும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கணவன் பெயரில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் மாதம் 1,000 ரூபாயுடன் தொடங்கியது. உதவி என்னாமல் உரிமை என்று பெயரிட்டதே இதன் சிறப்பு.

இன்றைய நிலை

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021இல் வெளிவந்து கேரளம் முழுவதும் வீட்டு விவாதமாயிற்று. 2023இல் அது தமிழிலும் எடுக்கப்பட்டது. 2024இல் கேரள அரசு வெளியிட்ட 3ஆம் வகுப்புப் பாடநூலில் ஒரு படம் இருக்கிறது. சமையலறையில் தந்தை தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். தேங்காயின்றி ஒரு வேளைச் சமையலும் நகராத நாட்டில், பாடநூலில் அந்தத் துருவுமணை ஆணின் கைக்கு மாறியது பெரிய செய்தி.

கணக்கு மெதுவாகவே மாறுகிறது. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண் ஒருவர் 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் ஒருவர் 97 நிமிடம் செலவிட்டனர். 2024இல் அது முறையே 289, 88. பெண்ணுக்குக் குறைந்த நிமிடங்களை ஆண் ஏற்கவில்லை. அவனுடைய நேரமும் குறைந்தே இருக்கிறது.

எல்லைப்புறத்து ஆணுக்குச் சமைக்கத் தெரியும். கோட்டையடுப்பில் ஆயிரம் பேருக்குப் பாயசம் கிளறிய கை அது. நாலு பேருக்கு உலை வைக்கவும் அந்தக் கைக்குத் தெரியும். கூலியும் கைதட்டலும் இல்லாத அந்த அன்றாட அடுப்பில் அது பங்கேற்க வேண்டும்.