அம்பாசிடர் பலமும் ஒரு நாடாவும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் கார் பேச்சு எப்படியும் வந்துவிடும். "அந்தக் காலத்து அம்பாசிடர் மாதிரி வருமாங்க? இப்ப வர்ற வண்டியெல்லாம் சும்மா தட்டுனாலே நசுங்கிப் போகுதுங்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் அம்பாசிடர் மேல் ஆசை உண்டு. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போன வண்டியை யாரால் மறக்க முடியும்? ஆனால் அதன் பலத்தைப் பற்றி நாம் சொல்வது பாதிதான் சரி.

வண்டி நசுங்க வேண்டும். அதற்காகவே இப்போது செய்கிறார்கள். மெர்சிடிஸ் நிறுவனத்தில் பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், ஆட்கள் உட்காரும் நடுக்கூடு மட்டும் அசையாமல் நிற்கும் என்பதுதான் அவருடைய எண்ணம். நசுங்காத வண்டி என்றால் அந்த வேகத்தை உள்ளே இருப்பவர் உடம்புதான் வாங்கும். பள்ளியில் இயற்பியல் எடுத்த பழக்கம் விடவில்லை, ஒரு கணக்கு சொல்கிறேன். 60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவதும் சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதும் ஒன்று. கிட்டத்தட்ட நாலு மாடி.

அமெரிக்காவில் 2009-இல் இதை நேரிலேயே மோதிப் பார்த்தார்கள். 1959-ஆம் வருஷத்து செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009-ஆம் வருஷத்து செவர்லே மாலிபு ஒன்றையும் எதிரெதிரே ஓட்டி, பாதி முகப்பு மட்டும் இடிக்கும்படி மோதவிட்டார்கள். இரண்டும் சுமார் 64 கி.மீ. வேகம். பெல் ஏர் நம் அம்பாசிடரின் வயதுக்கார வண்டி, பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும். அதன் ஓட்டுநர் அறையே உள்ளே சரிந்துவிட்டது. அதில் உட்கார்த்தியிருந்த பொம்மை மனிதனாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் அடி, அவ்வளவுதான்.

அதே 1959-இல்தான் சுவீடனில் வால்வோ நிறுவனம் மூன்று முனை சீட் பெல்ட்டைத் தன் கார்களில் பொருத்தியது. அதை வடிவமைத்த நீல்ஸ் போலின் அதற்கு முன் விமானத்தில் விமானி வெளியே தூக்கி எறியப்படும் இருக்கையைச் செய்துகொண்டிருந்தவர். காப்புரிமை கையில் இருந்தும் வால்வோ மற்ற நிறுவனங்களும் அதைச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நம் நாட்டில் முன் இருக்கைக்குப் பெல்ட் கட்டாயம் என்ற விதி வந்தது 1994-இல்தான். 35 வருஷம் தாமதம்! அதன் பிறகும் போலீஸ்காரர் நிற்கும் முனை வரைக்கும் மடியில் இழுத்துப் பிடித்து, தாண்டியதும் விட்டுவிடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

எங்கள் வீட்டில் அது மாறியது 2011-இல். பாலக்காட்டில் ஒரு கல்யாணம், எல் அண்ட் டி பைபாஸில் போய்க்கொண்டிருந்தோம். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை இருவழிச் சாலை, நடுவில் தடுப்பு கிடையாது. சிந்தாமணிப்புதூர் தாண்டியதும் எதிரே ஒரு டெம்போவை முந்திக்கொண்டு வேன் ஒன்று எங்கள் பக்கமே வந்துவிட்டது. ஓட்டிய என் மகன் இடது பக்கம் ஒடித்தும் முன்முனை மோதியது. காரின் முகப்பு என்ஜின் வரை மடங்கிவிட்டது. முன்னால் இருந்த நானும் மகனும் கதவைத் திறந்து நடந்து வந்தோம். என் மார்பில் தோளிலிருந்து இடுப்பு வரை பூணூல் போட்ட மாதிரி நீலக்கோடு ஒன்று, இரண்டு வாரம் இருந்தது. பின்னால் பெல்ட் இல்லாமல் இருந்த கொழுந்தியாளுக்கு முன் இருக்கையில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. "பின்னால உக்காந்தா எதுக்கு மாமா பெல்ட்டு?" என்று புறப்படும்போது கேட்டவர். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இறந்தபோது நாடே பேசியதை நாங்கள் முன்பே வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

காற்றுப்பை கதையும் இப்படித்தான். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை மாடல்களை மோதிச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம்! அதில் ஒன்றான போலோவையே இரண்டு காற்றுப்பையுடன் மோதிப் பார்த்தபோது நாலு நட்சத்திரம் வந்தது. ஓட்டுநருக்குக் காற்றுப்பை இங்கே கட்டாயமானது 2019 ஜூலையில். பெல்ட் போடாதவரை அந்தப் பையே ஓங்கி அறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் கங்கா மருத்துவமனையை நமக்கெல்லாம் தெரியும். விபத்தில் சிதைந்த காலை வெட்டுவதா காப்பாற்றுவதா என்று முடிவு செய்ய அங்கே உருவாக்கிய மதிப்பெண் முறை 2006-இல் வெளியாகி, 'கங்கா மருத்துவமனை மதிப்பெண்' என்ற பெயரிலேயே வெளிநாடுகளிலும் அறியப்படுகிறது. அங்கே எலும்பு முறிவுப் பிரிவை நடத்தும் டாக்டர் எஸ். ராஜசேகரன், நாளெல்லாம் கால் கைகளை ஒட்டவைப்பதோடு நிற்காமல், 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2014 ஏப்ரலில் சாலைப் பாதுகாப்புக்குக் குழு ஒன்று அமைத்தது நீதிமன்றம். நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் அதன் தலைவர். 2017 நவம்பர் 30-இல் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, அதற்கென நிதி, விபத்துச் சிகிச்சை மையம் என்று நீளமான உத்தரவு வந்தது.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2016-இல் 17,218 பேர், 2019-இல் 10,525 பேர். மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2022-இல் மறுபடி 17,884.

ராஜசேகரன் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் பணம் கேட்காமல் சிகிச்சை தரத் திட்டம் வகுக்கும்படி 2025 ஜனவரியில் உத்தரவு பிறந்ததும் அதே வழக்கில்தான். மே மாதம் திட்டம் வந்துவிட்டது. ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாள்.