விமான என்ஜின் வட்டுகளில் உலோகத் தூள்: தயாரிப்பு எப்படி? தூய்மை ஏன் முக்கியம்?

இண்டிகோ நிறுவனத்தின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேவையில் ஈடுபடுத்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றின் பிராட் அண்ட் விட்னி என்ஜின்களுக்கான உலோகத் தூளில் மாசு கலந்திருந்ததே இதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.

டர்பைன் இதழ்களைத் தாங்கிச் சுழலும் கனத்த உலோகச் சக்கரம் 'வட்டு' எனப்படுகிறது. நிமிடத்துக்கு 10,000 முறைக்கும் மேல் சுழலும்போது இதழ்களின் இழுவிசை முழுவதையும் இதுவே தாங்குகிறது. உடைந்த இதழை என்ஜினின் வெளியுறை தடுத்துவிடும்; உடைந்த வட்டின் துண்டுகளோ அதைத் துளைத்து வெளியேறக்கூடும்.

வெப்பத்தைத் தாங்குவதற்காக நிக்கலுடன் பல தனிமங்கள் சேர்க்கப்படுகின்றன. இக்கலவையைப் பெரிய வார்ப்பாக உறையவிட்டால், தனிமங்கள் ஓரிடத்தில் மிகுந்தும் வேறிடத்தில் குறைந்தும் படிகின்றன. இந்தச் சீரின்மையிலிருந்து விரிசல் தோன்றலாம். எனவே, உருகிய உலோகம் ஆர்கான் வாயுவின் வேகத்தால் நுண்துளிகளாகச் சிதறடிக்கப்படுகிறது. ஒவ்வொரு துளியும் நொடிப்பொழுதில் உறைவதால் கலவை சீராக அமைகிறது. 1970-களிலேயே எஃப்-15 போர் விமானத்தின் எஃப்100 என்ஜினில் இத்தகைய வட்டுகள் பயன்படுத்தப்பட்டன.

சல்லடையில் சலிக்கப்படும் தூள், உலோகக் கலனில் நிரப்பப்பட்டு, காற்று நீக்கப்பட்டு, மூடப்படுகிறது. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது திடப்பொருளாக இறுகுகிறது. பின்னர் வடிவமைப்பு, வெப்பப் பதப்படுத்தல், மீயொலிச் சோதனை ஆகியவை மேற்கொள்ளப்படுகின்றன.

உருக்கும் கலனிலிருந்து பெயர்ந்த பீங்கான் துகள் ஒன்று தூளில் கலந்தாலும், அது வட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு பயணத்தின்போதும் ஏற்படும் அழுத்த மாற்றத்தால் அவ்விடத்தில் விரிசல் வளரும். சல்லடைக் கண்கள் நுண்ணியதாக இருப்பது, இத்தகைய துகள்களின் அளவைக் கட்டுப்படுத்தவும் உதவுகிறது.

2020 மார்ச்சில் வியட்நாமில் புறப்படவிருந்த ஏர்பஸ் ஏ321 விமானத்தின் வி2500 என்ஜினில் டர்பைன் வட்டு உடைந்தது. உலோகத்தின் உட்புறக் குறைபாடே காரணம் எனக் கண்டறியப்பட்டது. 2015 இறுதி முதல் 2021 வரை தயாரிக்கப்பட்ட தூளில் மாசு இருக்கக்கூடும் என பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்.டி.எக்ஸ். 2023 ஜூலையில் அறிவித்தது. சுமார் 1,200 என்ஜின்களைக் கழற்றி ஆய்வு செய்ய வேண்டியிருக்கும் என்றும் அது தெரிவித்தது. கழற்றப்பட்ட என்ஜின் மீண்டும் விமானத்தில் பொருத்தப்பட 250 முதல் 300 நாள்கள் ஆகும் என மதிப்பிடப்பட்டது.