வள்ளல்களின் கணக்கில் விடுபட்ட வரிகள்

விக்கிப்பீடியாவில் ஒரு கொடையாளரைப் பற்றி எழுதும்போது, அவர் எதற்கெல்லாம் பணம் கொடுத்தார் என்று பட்டியல் போட வேண்டுமா? கூடாது என்பவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அது விளம்பரப் பலகை ஆகிவிடும் என்கிறது ஒரு தரப்பு. கொடுத்த பணத்தை வைத்து ஒருவர் மீது அரசியல் முத்திரை குத்துகிறீர்கள் என்கிறது இன்னொரு தரப்பு. கலைக்களஞ்சியம் தொகுப்பவர்களின் உள்விவகாரம் என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் நிறவெறி வரலாற்றிலிருந்து இரண்டு பணக்காரர்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாமவர் விக்லிஃப் டிரேப்பர். 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நெசவுத் தறிகள் செய்து பெரும் செல்வம் குவித்த குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்தார். 1937இல் 'பயனியர் ஃபண்ட்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் அதன் வேலை படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உதவுவது. ஏற்கெனவே மூன்று குழந்தைகள் உள்ள ராணுவ விமானப் பிரிவு அதிகாரிகளுக்கு இன்னொரு குழந்தை பிறந்தால், அதன் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளும் ஒரு திட்டமும் வைத்திருந்தார்கள். "விமானிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி" என்று எழுதிவிட்டுப் போனால் யாருக்கு என்ன தவறு தெரியும்? ஆனால் அந்தப் பிரிவு 1941 வரை கறுப்பினத்தவர் ஒருவரையும் விமானியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அறக்கட்டளையின் சாசனமோ, அரசியலமைப்பு ஏற்கப்படும் முன்பே அமெரிக்காவின் முதல் 13 மாநிலங்களில் குடியேறிய வெள்ளையரின் வழிவந்தவர்களுக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னது. 'வெள்ளையர்' என்ற சொல்லை 1985இல்தான் நீக்கினார்கள். ஆக, உதவித்தொகை என்ற பெயரில் நடந்தது 'உயர்ந்த' ரத்தத்தைப் பெருக்கும் வேலை. பிறப்பை வைத்துத் தகுதியை அளக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

அந்த அறக்கட்டளையின் தொடக்கப் பணிகளில் ஒன்று, ஊனமுற்றோருக்கும் மனநோயாளிகளுக்கும் கட்டாயக் கருத்தடை செய்வதை நியாயப்படுத்திய நாஜிப் பிரச்சாரப் படம் ஒன்றை அமெரிக்காவில் பரப்பியது. பிற்காலத்தில், கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் பிறவியிலேயே குறைவு என்று வாதிட்ட ஆய்வாளர்களுக்கு அதன் பணம் போனது.

இவை ஓரளவு வெளியே தெரிந்தவை. இனி வருவது மறைக்கப்பட்டது. மிசிசிப்பி மாநில அரசு 1956இல் 'இறையாண்மை ஆணையம்' என்ற ஒன்றை அமைத்தது. பெயர்தான் கம்பீரம், குடியுரிமைப் போராளிகளை வேவு பார்ப்பதும் நிறப்பிரிவினையைக் காப்பதுமே வேலை. 1963-64இல், குடியுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் தடுக்கும் பிரச்சாரத்துக்காக இந்த ஆணையத்தின் வழியாக டிரேப்பர் 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்ற ஏற்பாட்டோடு ஒரு நியூயார்க் வங்கி மூலமாகக் கொடுத்தார். சட்டம் 1964 ஜூலையில் நிறைவேறிவிட்டது. 1972இல் அவர் இறந்தார். 1977இல் ஆணையத்தைக் கலைத்த சட்டமன்றம், கோப்புகளை 50 ஆண்டுகளுக்கு மூடி வைக்க முடிவெடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பிறகே 1998இல் கோப்புகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இந்தப் பணத்தின் தடம் செய்தித்தாளில் வந்தது. 2002இல் வில்லியம் டக்கர் என்ற ஆய்வாளர் டிரேப்பரின் பணம் போன வழியைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

இந்த மனிதரைப் பற்றிய பக்கத்தில் "அவர் ஆதரித்த காரியங்கள்" என்ற பகுதி வேண்டாம் என்றால், மிச்சம் என்ன இருக்கும்? தறி வியாபாரியின் மகன், ஹார்வர்டு பட்டதாரி, முதல் உலகப் போர் வீரர், கொடையாளர். அவர் வாழ்க்கையின் பொருளே அவர் கொடுத்த பணத்தில்தான் இருக்கிறது. பட்டியலை நீக்குவது நடுநிலை ஆகாது. தன் பெயர் தெரியக் கூடாது என்ற அவருடைய ஏற்பாட்டை நாம் இலவசமாக நிறைவேற்றிக் கொடுப்பதாகும்.

இரண்டாமவர் நேர் எதிர். ஜூலியஸ் ரோசன்வால்ட், சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர். தென் மாநிலங்களின் கிராமப்புறக் கறுப்பினக் குழந்தைகளுக்காக, புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து 1912இல் தொடங்கிய திட்டத்தில் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. கவிஞர் மாயா ஏஞ்சலோவும் குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸும் இப்பள்ளிகளில் படித்தவர்கள்தான். இவர் பக்கத்தில் பட்டியல் போட யாரும் மறுக்க மாட்டார்கள். "5,000 பள்ளிகள் கட்டிக் கொடுத்தார்" என்று ஒரே வரியில் முடித்தும் விடுவார்கள். நமக்குச் சிக்கல் அந்த ஒரு வரியில்தான்.

கட்டுமானச் செலவு மொத்தம் சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் தரப்பு கொடுத்தது ஏறக்குறைய 44 லட்சம். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது 47 லட்சத்துக்கும் மேல். உள்ளூர் வெள்ளையர் கொடுத்தது 12 லட்சம். மீதி அரசின் வரிப்பணம். கறுப்பின மக்கள் பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். நிலம் கொடுத்தார்கள், மரம் வெட்டினார்கள், கூலியில்லாமல் கட்டினார்கள். சில ஊர்களில் ஒரு துண்டு நிலத்தில் பருத்தி போட்டு அந்த விளைச்சலைப் பள்ளிக்கென்றே ஒதுக்கினார்கள். அதற்கு முன்பே அவர்கள் வரியும் கட்டியிருந்தார்கள். அந்த வரி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போனது. தம் பிள்ளைகளின் பள்ளிக்காக அவர்கள் இரண்டாம் முறையாக வரி கட்டினார்கள் என்று கல்வி வரலாற்றாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதுகிறார். ஆனால் வரலாற்றில் நின்ற பெயர் 'ரோசன்வால்ட் பள்ளி'. இத்தனைக்கும் அவர் பெயருக்கு அலைந்தவரில்லை. தன் நிதி முழுவதையும் செலவழித்து மூடிவிட வேண்டும் என்று சொன்னவர், 1948இல் அப்படியே மூடினார்கள். நம் ஊரில் டியூப்லைட்டை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' எழுதுபவர்களோடு அவரைச் சேர்க்க முடியாது.

முதல் ரோசன்வால்ட் பள்ளிகள் அலபாமாவில் எழுந்த அதே 1913இல்தான் அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சாயாஜிராவின் கொடைகளில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே, படித்து முடித்தபின் சமஸ்தானத்தில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும், 1917இல் அந்த வேலைக்குப் போனவருக்கு அதே பரோடாவில் தங்க ஓர் இடம் கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டதும் இருக்க வேண்டும். மன்னரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. உதவித்தொகையால் வாங்க முடியாதது எது என்பது அப்போதுதான் படிப்பவருக்குத் தெரியும்.

விளம்பரமாகிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு தொகுப்பவர்கள் அதை அறிவிக்க வேண்டும் என்று விக்கிப்பீடியா 2014இல் விதி கொண்டுவர நேர்ந்ததே அதனால்தான். கொடையாளரின் சொந்த அறிக்கையை நகலெடுக்கும் பட்டியலை நாமும் ஏற்கவில்லை. "சமூகப் பணிகளுக்கு வாரி வழங்கினார்" போன்ற வரிகளைத் தயங்காமல் வெட்டலாம். உயிரோடு இருப்பவர் மீது வதந்தியை ஏற்றுவதும் கூடாது. யாருக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு, என்ன நிபந்தனையோடு, அந்தக் காரியத்துக்கு வேறு யார் கொடுத்தார்கள் என்பவை சுயேச்சையான ஆதாரத்தோடு இருந்தால் போதும்.

நம் மாணவத் தோழர்களில் யாராவது தமிழ் விக்கிப்பீடியாவில் ரோசன்வால்ட் பள்ளிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த 47 லட்சத்தை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.