உறையூர் மணலில் எழுதிய விரல்கள்

திருச்சி உறையூரின் பழைய எழுத்து சுட்ட மண்ணில் கிடைத்தது. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் தலைமையில் இங்கே அகழ்ந்தபோது, துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டியும் ரோமானியப் பாண்டத் துண்டுகளும் வெளிப்பட்டன. கூடவே தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் வந்தன. அரசன் ஆணையிட்டு வெட்டுவித்த கல்வெட்டு அல்ல அது. புழங்கும் சட்டியில் கூர்முனையால் யாரோ கீறி வைத்த எழுத்து.

அந்தக் கைகளுக்கு எழுதப் பழக்கியவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எப்படி எழுதக் கற்றார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

உறையூருக்குப் பக்கத்தில் அதவத்தூர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-இல் பிறந்த ஊர். தந்தை சிதம்பரம் பிள்ளை பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். மகனுக்கும் முதல் ஆசிரியர் அவரே. அக்காலத் திண்ணைப் பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளையிடம் எடுத்தவுடன் ஓலையைக் கொடுத்துவிட மாட்டார்கள். தரையில் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' போட வைப்பார்கள். விரல் ஓடும்போதே வாயும் எழுத்தின் பெயரை ராகமாக இழுத்துச் சொல்ல வேண்டும். கோடு கோணினால் உள்ளங்கையால் ஒரு தடவல், மணல் மறுபடி வெறுமையாகிவிடும். பிழை தங்காத அந்த இடம் பிஞ்சு விரலுக்கு எவ்வளவு துணிச்சல் கொடுத்திருக்கும்!

கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மஞ்சளும் கோவையிலைச் சாறும் மாவிலைக் கரியும் பூசுவார்கள். நிறம் ஏற ஏற எழுத்து எழுந்து வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். ஆகவே படிக்கிறவனுக்குக் காதில் பதிந்த ஓசையே துணை. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் குச்சிகளோடு வீடு வீடாகப் பாடிச் செல்வார்கள். கிடைத்த காசு வாத்தியாருக்கு. பாட்டும் ஆட்டமும் வண்ணமும் அந்தப் படிப்போடு ஒட்டியே இருந்தன. மீனாட்சிசுந்தரம் பிள்ளை பின்னாளில் மனத்திலேயே செய்யுளை அமைத்து வாயால் சொல்ல, மாணவர்கள் ஓலையில் எழுதிக்கொண்டார்கள். உறையூருக்கும் ஒரு தலபுராணம் பாடினார்.

அதற்காக அந்தத் திண்ணையைப் பொற்காலமாக்கிவிட முடியாது. பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் அங்கேதான் இருந்தன. அதைவிடப் பெரிய குறை, பிள்ளை எழுதியதெல்லாம் பிறர் சொல். தான் கண்டதை எழுது என்று யாரும் கேட்கவில்லை. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் கொடிது. 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, பெரும்பாலான மாவட்டங்களில் பள்ளிக்கு வந்த பெண்கள் மிகச் சொற்பம். விடியற்காலையில் புள்ளி வைத்து, கணக்குப் பிசகாமல் சிக்குக்கோலம் இழுத்த விரல்கள் அந்தப் பெண் குழந்தைகளுடையவை. எழுத்துக்கு அதைவிட நல்ல முன்பயிற்சி வேறில்லை. ஆனாலும் அந்தக் கையை 'அ'னாவுக்குக் கொண்டுவர ஊர் நினைக்கவில்லை. உழைக்கும் சாதிகளின் பிள்ளைகள் பலருக்கோ திண்ணையே எட்டாத உயரம்.

மணல் மட்டும் கடல் தாண்டியது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதையே தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுத்துப் பழகியது அப்படித்தான். 1939-இல் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்குப் பயிற்சி தர வந்தபோது, சொரசொரத்த தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகும் முறையைக் கொண்டுவந்தார். தொட்டு உணர்ந்து எழுது என்பதை நம் திண்ணை முன்பே அறிந்திருந்தது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் திருச்சி உட்பட மாநிலம் முழுவதும் பரவியது. சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை வந்தது. வாத்தியாரின் பலகை பிள்ளைக்கும் சொந்தமானது சிறிய செய்தி அல்ல. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடத்துக்குள் கொண்டுவந்தது.

மீதி வேலை வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டு நான்கு வயதுப் பிள்ளை சுவரில் கிறுக்கினால் அதட்டாதீர்கள். என்ன வரைந்திருக்கிறாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை, திருத்தாமல், அதன் கண்ணெதிரே படத்துக்குக் கீழே எழுதிக் காட்டுங்கள். இரட்டைக்கோட்டு நோட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.