வீதிக்கு வந்த மக்கள்: பிலிப்பைன்ஸ் நாட்டு வரலாறு கூறுவது என்ன?

"சாமி, ஊர்வலம் போகிறோம், உண்ணாநோன்பு இருக்கிறோம், மனுக் கொடுக்கிறோம். ஆளுகிறவர்கள் அசைந்து கொடுக்கிறார்களா? நாடே இரண்டுபட்டுக் கிடக்கும்போது தெருவில் நின்று கூவி என்ன பயன்?" நம் இளைஞர் இயக்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பங்கின் வரலாற்றை மற்றவர்கள் எழுதுகிறபடியால், "திருச்சபை வரலாற்றிலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வியையே எடுத்துக் கொண்டேன். ஆம், இல்லை என்று மேடையில் சொல்லிவிடலாம். அதைவிட, நடந்த ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது.

மணிலா என்ற நகரின் பெயர் நம் பங்கின் மூத்தோருக்குப் புதிதன்று. சிற்றலை வானொலியைத் திருகித் திருகி வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்ட குடும்பங்கள் இங்கே பல உண்டு. அந்த வானொலி நிலையம் 1969-ல் மணிலாவில் தொடங்கப்பட்டது. வேரித்தாஸ் என்றால் இலத்தீனில் உண்மை. அந்தப் பெயருக்கு ஒரு நாள் சோதனை வந்தது. அதை அறியாமலே நம்மில் பலர் அதன் நேயர்களாய் இருந்திருக்கிறோம்.

பிலிப்பைன்ஸ், ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு. 1965-ல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெர்டினாண்டு மார்க்கோஸ், 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். எதிர்க்கட்சியினர் சிறை சென்றனர், பத்திரிகைகள் மூடப்பட்டன. 1981-ல் அச்சட்டம் பெயரளவில் நீக்கப்பட்டது. அதிகாரமோ அவர் கையிலேயே இருந்தது. திருச்சபையும் அன்று ஒரே குரலில் பேசவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசோடு ஒத்துப்போன ஆயர்களும் இருந்தார்கள். துப்பாக்கி ஏந்திய கம்யூனிஸ்டுப் படையோடு காட்டுக்குச் சென்ற குருக்களும் இருந்தார்கள். மணிலாப் பேராயர் கர்தினால் ஹைமே சின், நல்லதில் ஒத்துழைத்துத் தீயதைக் கண்டிப்பது என்ற நடுவழியில் பல ஆண்டுகள் நடந்தார். அதற்காக இரு தரப்பாரிடமும் ஏச்சு வாங்கினார்.

1983 ஆகஸ்டு 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிஞ்ஞோ அக்கினோ அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பினார். விமானத்தை விட்டு இறங்கியதுமே, காவலர் சூழ இருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய அடக்கச் சடங்குக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். மற்ற வானொலிகள் வாய்மூடி இருந்தபோது வேரித்தாஸ் அதை நேரடியாக ஒலிபரப்பியது. இத்தனை பேர் கூடியும் ஆட்சி மாறியதா? இல்லை. அதற்குப் பின்னும் இரண்டரை ஆண்டுகள் மார்க்கோஸ் அசையாமல் அமர்ந்திருந்தார். நம் இளைஞர்களின் கேள்வி அன்று மணிலா இளைஞர்களின் வாயிலும் இருந்திருக்கும்.

அந்த இரண்டரை ஆண்டுகளில் நடந்தவற்றைத்தான் வரலாற்று நூல்களை மேலோட்டமாகப் படிப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஜான் கோஸ், ஹில்டெகார்ட் மயர் என்ற கத்தோலிக்கத் தம்பதியர், 1984-ல் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் பொதுநிலையினருக்கும் அகிம்சைப் பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள். யேசு சபைக் குரு ஹோசே பிளாங்கோ போன்றோர் அப்பணியைத் தொடர்ந்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அடி விழும்போது என்ன செய்வது, எதிரே நிற்கும் சிப்பாயிடம் என்ன பேசுவது, கோபத்தை எப்படி அடக்குவது என்றெல்லாம் மறைக்கல்வி போலக் கற்றுக் கொடுக்கப்பட்டது. அகிம்சை இயல்பாகவே வந்துவிடும் குணம் என்று நாம் நினைக்கிறோம். பாட்டுப் பயிற்சி இல்லாமல் பாடற்குழு பாடினால் எப்படி இருக்கும் என்பது நம் பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

1986 பிப்ரவரி 7 அன்று மார்க்கோஸ் திடீர்த் தேர்தல் நடத்தினார். கொலையுண்டவரின் மனைவி கொரசோன் அக்கினோ அவரை எதிர்த்து நின்றார். வாக்குச் சாவடிகளைக் கண்காணிக்க ஏறக்குறைய 5 இலட்சம் தன்னார்வத் தொண்டர்கள் முன்வந்தார்கள். குருக்களும் கன்னியரும் வாக்குப் பெட்டிகளுக்குக் காவலாக விழித்திருந்தார்கள். பிப்ரவரி 9 அன்று, தேர்தல் கமிஷனின் கணிப்பொறிகளில் வேலை பார்த்த சுமார் 35 பேர், பெரும்பாலும் பெண்கள், தாங்கள் பதிவு செய்த எண்ணிக்கை ஒன்றாகவும் பலகையில் காட்டப்பட்ட எண்ணிக்கை வேறாகவும் இருப்பதைக் கண்டு, நாற்காலியை விட்டு எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் தஞ்சம் புகுந்த இடம் எது தெரியுமா? பாக்லரானில் உள்ள இடைவிடா சகாய மாதா கோவில். புதன்கிழமைதோறும் நாம் நவநாள் சொல்லும் அதே அன்னையின் திருத்தலம். கோஷம் இல்லை, கொடி இல்லை. பொய்க்குக் கை கொடுக்க மாட்டோம் என்று அரசு ஊழியம் பார்த்தவர்கள் எழுந்து போனார்கள். பின்னால் வந்த பெருங்கூட்டத்தைவிட இந்தச் சிறு கூட்டம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஐந்து நாள் கழித்து ஆயர் பேரவை அறிக்கை வெளியிட்டது. மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அறநெறி அடிப்படை கிடையாது என்றும், அத்தவற்றைத் திருத்தச் செய்வது மக்களின் கடமை என்றும், அதை வன்முறையின்றிச் செய்ய வேண்டும் என்றும் அது தெளிவாகக் கூறியது. மறுநாளே பாராளுமன்றம் மார்க்கோஸ் வென்றதாக அறிவித்தது.

பிப்ரவரி 22, சனிக்கிழமை. பாதுகாப்பு மந்திரி என்ரிலேயும், படைத் துணைத் தலைவர் ராமோசும் மார்க்கோசை விட்டுப் பிரிந்து, சில நூறு வீரர்களோடு எட்சா என்ற நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் உள்ள இராணுவ முகாம்களில் அடைந்து கொண்டார்கள். பொழுது விடிந்தால் தாக்குதல் வரும் என்று அஞ்சிக் கர்தினாலைத் தொலைபேசியில் அழைத்தார்கள். கர்தினால் முதலில் அடைபட்ட மடங்களின் கன்னியரை அழைத்து, உண்ணாமல் செபிக்கும்படி கேட்டுக் கொண்டார். பிறகு வேரித்தாஸ் வானொலியில் பேசினார்: அவ்விருவருக்கும் துணையாக முகாம்களுக்குச் செல்லுங்கள், உணவு கொண்டு செல்லுங்கள்.

இங்கே ஒரு கணம் நின்று பாருங்கள். மக்கள் யாரைக் காக்கப் போனார்கள்? இராணுவச் சட்டத்தை நடத்தியவர் அந்த என்ரிலே. அவர் ஆணையால் சிறை சென்றோர் ஆயிரக்கணக்கானோர். அச்சட்டத்தின் காலமெல்லாம் காவற்படையின் தலைமையில் இருந்தவர் ராமோஸ். "அவர்களுக்காக நான் ஏன் சாக வேண்டும்?" என்று கேட்க நியாயம் இருந்தது. ஆயினும் சோற்றுப் பானையோடும் செபமாலையோடும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நேற்றைய எதிரி இன்று ஓரடி இப்பக்கம் எடுத்து வைத்தால் அந்த ஓரடியை வரவேற்க அவர்களுக்கு மனம் இருந்தது. பிளவுபட்ட நாட்டில் இதுவே அரிது. நம் ஊரிலும் அரிது.

மறுநாள் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. அதிகாலையில் அரசுப் படையினர் வேரித்தாசின் ஒலிபரப்புக் கருவிகளை உடைத்து நொறுக்கினார்கள். மாற்றுக் கருவியைக் கொண்டு சில மணி நேரம் பேசிவிட்டு அதுவும் ஓய்ந்தது. ஜூன் கீத்லி என்ற அறிவிப்பாளர் வேறொரு நிலையத்துக்குச் சென்று இரவெல்லாம் குரல் கொடுத்தார். பிற்பகலில் டாங்கிகள் வந்தன. கன்னியர் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். பெண்கள் சிப்பாய்களுக்குப் பூவும் ரொட்டியும் நீட்டினார்கள். டாங்கிகள் உறுமின; முன்னே நகரவில்லை. திங்களன்று, முகாமைத் தாக்க வந்ததாக எல்லாரும் அஞ்சிய ஹெலிகாப்டர்கள் அங்கேயே இறங்கி மக்கள் பக்கம் சேர்ந்தன. பீரங்கிகளோடு நின்ற தளபதி ஒருவருக்குச் சுடும்படி ஆணைமேல் ஆணை வந்தது. "பீரங்கிகளை நிலைநிறுத்திக் கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லி அவர் நேரத்தைக் கடத்தினார். பிப்ரவரி 25 இரவு மார்க்கோஸ் குடும்பத்தோடு அமெரிக்க ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். 1989-ல் ஹவாயில் இறந்தார்.

கூட்டத்தின் எண்ணிக்கையே ஆட்சியை வீழ்த்தியது என்று சொன்னால் அது பாதி உண்மை. தேர்தல் மோசடி அம்பலமாகியிருந்தது, படை பிளந்திருந்தது, இருபது ஆண்டுகள் முட்டுக் கொடுத்த அமெரிக்காவும் கடைசியில் கையை விட்டது. மக்கள் செய்தது, சுடு என்ற சொல்லுக்குச் சிப்பாயின் விரல் இணங்காதபடி செய்தது. பர்மாவில் 1988-லும் பெய்ஜிங்கில் 1989 ஜூனிலும் மக்கள் இதே துணிவோடு நின்றார்கள். அங்கே சிப்பாய்கள் சுட்டார்கள். துணிவு ஒன்றாக இருந்தும் பலன் ஒன்றாக இல்லை. மணிலாவின் கதையை மட்டும் சொல்லி இளைஞர்களை உசுப்பிவிடுகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் மறைக்கக் கூடாது.

கதை 1986-ல் முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். மறு ஆண்டு ஜனவரி 22 அன்று, உழுபவனுக்கு நிலம் வேண்டும் என்று கேட்டு விவசாயிகள் ஜனாதிபதி மாளிகை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். மெந்தியோலா பாலத்தருகே படையினர் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் மக்கள் கூடி அமர்த்திய கொரசோன் அக்கினோ அம்மையார். அவருடைய குடும்பத்துக்கே 6,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கரும்புத் தோட்டம் இருந்தது. 1987-ல் நல்லதொரு அரசியல் சட்டம் வந்தது. ஜனாதிபதிக்கு ஒரே ஒரு பதவிக்காலம் என்று வரையறுத்தது. 1988-ல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தக் கரும்புத் தோட்டத்தைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பு உறுதியானது 2012-ல்தான். எண்ணிப் பாருங்கள், 26 ஆண்டுகள்.

அதே சாலை 2001-ல் இன்னும் இரு கூட்டங்களைக் கண்டது. எட்சாவில் அமைதியின் அரசியான மாதாவுக்கு 1989-ல் கோவில் எழுந்திருந்தது. 1998-ல் ஜனாதிபதியான எஸ்திராதா திரைப்பட நடிகர். படங்களில் ஏழைகளின் தோழனாக நடித்தவர். ஏழைகளின் வாக்கால் வென்றவர். (இதை நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.) ஊழல் வழக்கில் விசாரணை முறிந்தபோது, நடுத்தர வகுப்பினரும் மாணவரும் கர்தினாலும் அந்த மாதா கோவில் முன் கூடினார்கள். நான்கே நாளில் ஆட்சி மாறியது. ஏப்ரலில் எஸ்திராதா கைதானதும், சேரிகளிலிருந்து இலட்சக்கணக்கான ஏழைகள் அதே கோவில் முன் வந்து கூடினார்கள். முதற்கூட்டத்தை மக்கள் சக்தி என்று புகழ்ந்த படித்தவர்கள், இவர்களைக் குளிக்காதவர்கள் என்றும் காசுக்கு வந்தவர்கள் என்றும் ஏளனம் செய்தார்கள். திருத்தலம் மாசுபட்டது என்று நம் தரப்பிலும் வருந்தினார்கள். அரசியல்வாதிகள் அவர்களைத் தூண்டிவிட்டதும், மே 1 அன்று மாளிகை வாயிலில் கலவரமும் உயிர்ச்சேதமும் ஏற்பட்டதும் உண்மையே. என்றாலும் எனக்கு உறுத்துவது வேறு. 1986-ல் சிப்பாய்க்கு ரொட்டி நீட்டிய கை, 2001-ல் ஏழைக்கு நீளவில்லை. என்ரிலேயை மன்னிக்க முடிந்தவர்களுக்குச் சேரிக்காரனைச் சகிக்க முடியவில்லை.

2022 மே மாதத் தேர்தலில் மார்க்கோசின் மகன் 3 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்று ஜனாதிபதியானார். அவரை எதிர்த்து நின்ற லெனி ரொப்ரேதோ அம்மையாரின் கூட்டங்களுக்கு இளைஞர்கள் அலை அலையாய் வந்தார்கள். குருக்களும் கன்னியரும் வந்தார்கள். வாக்கு அதில் பாதியளவே விழுந்தது. பொய்ப் பிரசாரம் ஒரு காரணம் என்கிறார்கள், இருக்கலாம். நிலமும் கூலியும் கிடைக்காமல் காத்திருந்தவனின் கசப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் 1986 வீணா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் மார்க்கோஸ் வந்தது வாக்குப் பெட்டி வழியாக. அவருக்கும் அந்த அரசியல் சட்டத்தின்படி ஆறே ஆண்டுகள்தான். தந்தையோ தமக்கிருந்த எல்லையை மீறி ஆட்சியில் நீடித்தார். பாக்லரான் கோவிலுக்குள் ஓடி ஒளிந்த அந்தப் பெண்கள் சம்பாதித்துக் கொடுத்தது அது.

2025 செப்டம்பர் 21 அன்று, இராணுவச் சட்டம் வந்த அதே தேதியில், வெள்ளத் தடுப்புப் பணிகளில் நடந்த ஊழலைக் கண்டித்து எட்சாவில் மீண்டும் மக்கள் திரண்டார்கள். குருக்கள், கன்னியர், மாணவர், குடும்பத்தினர் எனப் பல்லாயிரம் பேர் அமைதியாகக் கூடிக் கலைந்தார்கள். அதே நாளில், சில கல் தொலைவில், 1987-ல் விவசாயிகள் விழுந்த அதே மெந்தியோலாவில், முகம் மூடிய இளைஞர்கள் போலீசார்மீது கல் எறிந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர்; அவர்களுள் சிறுவர்களும் உண்டு. இரு கூட்டமும் கேட்டது ஒரே கணக்கைத்தான்.