மூன்று நகரங்களின் ஷோப்பான் – 6: வரி முடிந்த இடத்தில் அறுந்த கோடு

மயோர்க்கா தீவின் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு கிடந்த ப்ளேயெல் பியானோ, ஒருவழியாக வால்டெமோசா மடத்துக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். வந்த சில நாட்களிலேயே, 1839 ஜனவரி 22 அன்று, ஷோப்பான் தன் 24 பிரெலூடுகளையும் பாரிசுக்கு அனுப்பினார். கூடவே நண்பர் ஜூலியன் ஃபோன்டானாவுக்கு ஒரு கடிதம். நீயும் நம் நண்பர் வோல்ஃபும் இதைப் பார்த்துப் படி எடுங்கள். படியை ப்ராப்ஸ்டிடம் கொடு, மூலத்தை ப்ளேயெலிடம் கொடு என்று அதில் சொல்லியிருந்தார். தப்பு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த ஒரு வரியை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

எதற்காக இரண்டு தாள்கட்டுகள்? அன்றைக்கு நாடுகளுக்கு இடையே பதிப்புரிமை ஒப்பந்தம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. பெர்ன் ஒப்பந்தம் வருவதே 1886-இல்தான். பாரிசில் மட்டும் வெளியிட்டால் லைப்சிக்கிலும் லண்டனிலும் யார் வேண்டுமானாலும் திருட்டுப் பதிப்பு போடலாம். அதனால் மூன்று நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்டு, மூன்று பதிப்பாளர்களிடமும் காசு வாங்குவது ஷோப்பானின் வழக்கம். ப்ராப்ஸ்ட் என்பவர் லைப்சிக்கின் பிரைட்கோப்ஃப் நிறுவனத்துக்குப் பாரிசில் இருந்த முகவர். ஆக, மூலத்தை வைத்துப் பாரிசில் பதிப்பாளர் கத்லாங் அச்சிட்டார். ஃபோன்டானாவின் படியை வைத்து லைப்சிக்கில் அச்சானது. லண்டனின் வெஸ்ஸல் பாரிஸ் பதிப்பைப் பார்த்துப் போட்டார். பாரிஸ் பதிப்பு மூலத்தின் பிள்ளை என்றால், மற்ற இரண்டும் வெவ்வேறு கிளையில் பிறந்த பேரன்கள். (வெஸ்ஸல் சும்மா இருக்கவில்லை. ஷோப்பானின் நாக்டர்ன்களுக்கு ‘சேன் நதியின் முணுமுணுப்புகள்’ என்று தானே பெயர் சூட்டி விற்றவர். ஷோப்பானுக்கு அதில் பட்ட எரிச்சல் தனிக்கதை.)

இப்படிக் கைமாறியதில் சுரங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. மாட்டிக்கொண்டது ஸ்லர், அதாவது சுரங்களின் தலைக்கு மேல் ஓடும் வளைகோடு. எங்கிருந்து எங்கு வரை ஒரே மூச்சு என்று வாசிப்பவருக்குச் சொல்வது அதுதான்.

கையெழுத்து ஏட்டில் ஒரு வரியின் கடைசிக்கு வாருங்கள். கோடு கடைசிச் சுரத்தைத் தாண்டி ஓரத்தை நோக்கி நீண்டு நிற்கிறது. சரி, அடுத்த வரியில் தொடரும் என்று கண்ணைக் கீழே இறக்கினால், அங்கே அதன் மிச்சம் இல்லை. புதுக் கோடு ஒன்று முதல் சுரத்தின் மேலேயே ஆரம்பிக்கிறது. மூச்சு ஒன்றா, இரண்டா? ஷோப்பானின் கையெழுத்தில் இந்தச் சங்கடம் அடிக்கடி வரும். படி எடுப்பவரின் தாளில் வரி அதே இடத்தில் முடிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே அவர் முடிவெடுத்தே தீர வேண்டும்: சேர்ப்பதா, வெட்டுவதா? அங்கே அவர் விடும் இடைவெளி, அச்சில் ஆசிரியரின் கட்டளையாகிவிடும்.

அடுத்த கை, தகட்டில் செதுக்குபவருடையது. சுரத்தின் தலைக்கு எஃகு அச்சு உண்டு. வைத்துச் சுத்தியலால் தட்டினால் போதும். வளைகோட்டுக்கு அச்சு கிடையாது. உளியால் கையாலேயே இழுக்க வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. அரை அங்குலம் முன்னால் நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஃபோன்டானாவைத் திட்டுவது எளிது. நான் திட்ட மாட்டேன். இத்தனை கைகள் மாறியும் இவ்வளவு மிஞ்சியதே பெரிது.

உண்மையான சேதம் பின்னால் வந்தது, அதுவும் தெரிந்தே செய்தது. 1870-களிலிருந்து கிளிண்ட்வொர்த் போன்ற பதிப்பாசிரியர்கள் ஷோப்பானின் கோடுகளைத் தங்கள் ரசனைக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கினார்கள். நாலு பார் தாண்டி ஓடும் நீண்ட கோடுகள் நறுக்கப்பட்டு, கச்சிதமான துண்டுகளாயின. இந்தக் காரியத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று இசைக் கோட்பாட்டாளர் ஹைன்ரிக் ஷெங்கர் 1925-இல் ஒரு கட்டுரையே எழுதினார். மொழியே தெரியாத ஒருவன் மனப்பாடம் செய்த பேச்சை ஒப்பிக்கும்போது சொல்லின் நடுவில் நிறுத்துவானே, தப்பான இடத்தில் மூச்சு விட்டு வாசிப்பது அப்படித்தான் இருக்கிறது என்று ஷோப்பானே மாணவர்களிடம் சொன்னதாக அவருடைய மாணவர் மிக்குலி வழியாகத் தெரிகிறது.

என் தீர்ப்பு இது: பிரெலூடுகளின் மூலம் வார்சாவின் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. கோட்டில் சந்தேகம் வந்தால் அதையே பார்க்க வேண்டும். லைப்சிக் அச்சை இரண்டாம் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 1840-இல் வெளியான பி ஃபிளாட் மைனர் சொனாட்டாவில், மூல ஏடே கிடைக்காததால், இந்த உபாயம் பலிக்காது. அங்கே சண்டை வளைகோட்டில் இல்லை, இரண்டு புள்ளிகளில். முதல் பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டும், எங்கிருந்து? லைப்சிக் பதிப்பில் ஐந்தாவது பாரில் திருப்பக் குறியின் புள்ளிகள் இருக்கின்றன. பாரிசிலும் லண்டனிலும் அவை இல்லை. ஐந்தாவது பாரிலிருந்து திரும்பினால் அந்தப் பயங்கரமான நான்கு தொடக்கப் பார்கள் ஒரே முறைதான் கேட்கும். இல்லையென்றால் இரண்டு முறை. பிறகு பிரைட்கோப்ஃபே போட்ட புதிய முழுத் தொகுப்பு, தன் பழைய பதிப்பைக் கைவிட்டுப் பாரிஸ் பக்கம் சாய்ந்தது. அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர் பிராம்ஸ்.

(அடுத்த வாரம்: அந்த இரண்டு புள்ளிகளை வைத்தது யார்?)